நெடி வராத மிளகாய்

ஏழுமலை போய்விட்டான். காலையில் அவன் மகள் கவிதாதான் போன் பண்ணிச் சொன்னாள்...

இனி நான் சொல்லப்போவதை ஒருத்தரும் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. எழுந்து நின்று படியுங்கள், அது போதும்.

ஒதியம்பட்டு ஏழுமலையும் நானும் திருவாண்டார்கோயில் கம்பெனியில் ஒரே ஷிஃப்ட். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் மெஷினெல்லாம் தானாக நின்று எட்டிப் பார்க்கும். உள்ளே சுட்ட மிளகாய்ப் பச்சடி.

பஜ்ஜி மிளகாயை கேஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டிக் கருக்குவான். கரிக்கட்டை ஆனதும் குண்டானில் போட்டு மூடி வைப்பான். கொஞ்சம் பொறுத்து வெறும் விரலால் இழுத்தால், தோல் சட்டை மாதிரி கழன்று வரும். அப்புறம் தயிர், உப்பு, சின்ன வெங்காயம்.

"தண்ணியில கழுவி உரிச்சா ஈஸிதானடா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"ருசிய சாக்கடையில ஊத்தச் சொல்றியா? நீயெல்லாம் ஒரு ஆளு!" அன்று முழுக்க எனக்குப் பச்சடி கட்.

கவிதாவைப் பெண் பார்க்கக் கரையாம்புத்தூரிலிருந்து வந்தார்கள். அதுவரை வந்த இடமெல்லாம் தட்டிப்போய், மனுஷன் சரியாகத் தூங்கியே மாசக்கணக்கு ஆகியிருந்தது. ஆனாலும் கெத்து குறையவில்லை.

"ஊரே பஜ்ஜி போடும். நம்ம வூட்ல சுட்ட மிளகாதான்!"

மாப்பிள்ளையின் அத்தை அடுப்படியை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னாபா இது? இவ்ளோ மிளகா கருகுது, ஒருத்தருக்கும் நெடி ஏறல! வூட்டு மேல பெரிய கண்ணு இருக்குது. இந்த எடம் நமக்கு வேணாம், எழுந்திரிங்க!"

"யம்மா, அது பஜ்ஜி மிளகாமா... நெடி வராது."

அத்தை செருப்பையே மாட்டிவிட்டார். கவிதா கதவோரம் தலை குனிந்து நின்றாள்.

"நெடிதான வேணும்?" ஏழுமலை காய்ந்த மிளகாயை ஒரு கை அள்ளித் தீயில் போட்டான்.

வில்லியனூரே இருமியது. பாகூர் பஸ் நடுரோட்டில் நின்று தும்மியது. ஏரிக் கொக்குகள் றெக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

"போதும்பா சாமி... கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல!" அத்தை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இத துன்னுமா, தொண்ட எரிச்சல் எறங்கும்." பச்சடிக் கிண்ணத்தை நீட்டினான் என் நண்பன். ஆமாம், என் நண்பன். இதை நான் எந்த மேடையிலும் மைக் பிடித்துச் சொல்வேன்.

போய் வாடா, மிளகாய் மகாராஜா...

பஸ் தும்மியது பொய். கொக்கும் பொய். மாட்டிய செருப்போடு கிண்ணத்தை வழித்துக்கொண்டே அந்த அத்தை, "தட்ட மாத்திக்கலாம்பா" என்றது மட்டும் நெசம்.