இரட்டை இறக்கையும் ஒரு பிடி சாமையும்

பிராய் இலையால் மரத்தைத் தேய்க்கும்போது பூனை தட்டை நக்குவதைப் போல ஒரு சத்தம் வரும். மலைமேல் பைல் நாடு என்கிற எங்கள் ஊரில், வீட்டு வாசலில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது. உப்புத்தாள் வேண்டுமென்றால் சோளக்காடு கடைத்தெருவுக்குப் போகவேண்டும், சொரசொரப்பான அந்த இலையோ வேலியிலேயே இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படித்த நான் அதை வைத்து விமானத்தின் இறக்கையை வழவழப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

பள்ளி நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டடுக்கு இறக்கை, நடுவில் குச்சிகள், குறுக்கே பெருக்கல் குறி போட்ட மாதிரி கம்பிகள், விமானி தலையை வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும் குழி. அந்தக் காலத்து விமானத்தை மரத்தாலும் துணியாலும் கம்பியாலும் செய்தார்கள் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மூன்றும் எங்கள் வீட்டிலேயே இருந்தனவே. படத்தின் கீழே இருந்த அளவுகளை அடிக்கு அரை அங்குலமாகக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மிளகுக்கொடி ஏற்றும் சில்வர் ஓக் மரத்தில் கழித்துப்போட்ட கிளைகளிலிருந்து உடலும் இறக்கைகளும் வந்தன. இறக்கையின் முதுகு லேசாகப் புடைத்திருக்க வேண்டும், வயிறு தட்டையாக இருக்க வேண்டும். அது கைக்கு வருவதற்குள் செதுக்கியதெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. முன்னால் சுழலும் விசிறிக்குப் பலாமரத்தின் வைரக்கட்டை, நடுக்குச்சிகளுக்கு மூங்கில் சிம்பு, குறுக்குக் கம்பிக்கு எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்பு. ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் எதிர்க்கம்பி தொய்யும், அதை இழுத்தால் இறக்கையே கோணும். எல்லாம் ஒரே விறைப்பில் நின்ற நாளில் விரலால் சுண்டிப் பார்த்தேன், ‘டொய்ங்’ என்றது. சேந்தமங்கலத்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து அதுதான் போகும், அங்கே தேறினால் சென்னைக்குப் போகலாம் என்று சார் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை, சென்னைக்கும் போனதில்லை.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளைப் பார்த்து ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டால் அது அவருடையது. அதன்மேல் ஒரு பிடி சாமையைத் தூவி, வெறுமனே போகாதபடி இரண்டு கையாலும் கொடுத்துவிட வேண்டும். இது பாதி வழக்கம்தான். மீதிப் பாதி, போன இடத்தில் எதையும் வாய்விட்டுப் பாராட்டாமல் இருப்பது. எங்கள் ஆட்கள் அடுத்தவர் வீட்டுக்குப் போனால் மழையைப் பற்றிப் பேசுவார்கள், மிளகு விலையைப் பற்றிப் பேசுவார்கள். கண்ணெதிரே தொங்கும் பலாப்பழத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த சிலர் இதில் முதல் பாதியை மட்டும் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டார்கள்.

அப்படி ஓர் அதிகாரி, பெருமழையில் ஜீப் நின்றுபோய் எங்கள் வீட்டுக்குள் வந்தார். அவரிடம் எங்களுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. அப்பா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தவர், அலமாரியில் இருந்த விமானத்தைக் கையில் எடுத்தார்.

“ரொம்ப நல்லாருக்கே. என் பையன் பார்த்தா விடவேமாட்டான்.”

அப்பா எழுந்து சாமை டப்பாவைத் திறந்தார். அது கண்காட்சிக்கு வைத்திருப்பது என்று நான் குறுக்கே சொன்னேன். அதிகாரிக்கு நன்றாகவே கேட்டது. “இன்னொண்ணு செஞ்சுக்குவான், கை இருக்குல்ல” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா என் பக்கம் திரும்பாமலே சாமையைத் தூவினார். “வந்தவங்க கேட்டுட்டாங்க கண்ணு. இனி அது நம்ம ஊட்டுல இருக்கப்படாது.” தன் தோள் துண்டிலேயே அதைச் சுற்றிக் கொடுத்தார். துண்டும் போயிற்று.

கண்காட்சிக்கு நாள் இல்லை. விமானத்துக்குப் பதிலாக ஒரு மிளகுக்கொடியைத் தொட்டியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். போன இடத்தில், வாசலுக்கு நேரே போட்டிருந்த மேசையில் என் விமானம் நின்றது. அட்டையில் வேறொரு பள்ளியின் பெயர், வேறொரு பையனின் பெயர். கிட்டே போய்ப் பார்த்தேன். விமானி உட்காரும் குழியில், கோந்தில் ஒட்டியபடி சாமை கிடந்தது. நடுவராக வந்த அம்மா அந்தப் பையனிடம், இந்தக் கம்பிகள் எதற்கு என்று கேட்டார். அவன் அழகுக்கு என்றான். என்னையறியாமல் நான் சொல்லிவிட்டேன்: பறக்கும்போது ஒரு கம்பி இறக்கையைத் தாங்கும், தரையில் இறங்கும்போது எதிர்க்கம்பி தாங்கும் என்று. அந்த அம்மா என்னைப் பார்த்து நிஜமான அன்போடு சிரித்தார். “பரவாயில்லையே தம்பி. இவன்கூடச் சேர்ந்து நீயும் ஒண்ணு செஞ்சு பழகு, நல்லா வருவே.”

விமானம் சென்னைக்குப் போயிற்று. அது என் விமானம்தான் என்று எங்கள் சாரிடம் சொன்னேன். அவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். “குடுத்த பொருளு அவங்க ஊட்டுப் பொருளு கண்ணு. அவங்க பேரத்தான போடுவாங்க” என்றார். அதிகாரியின் மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவின் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். போன வருடம், லீவில் வரும்போதெல்லாம் உட்கார்ந்து, அதே விமானத்தை அதே அளவில் மறுபடி செய்தேன். எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது. சென்ற மாதம் மலையில் நிலம் பார்க்க வந்த ஒருவர், தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர், அண்ணாந்து பார்த்து, “அட, சூப்பரா இருக்குங்களே” என்றார். அப்பாவின் கை தானாகவே டப்பாவுக்குள் போயிற்று.

“நான் செஞ்சதுங்க. இங்கதான் இருக்கும்” என்றேன்.

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வழக்கங்கள் அழிகின்றனவே என்று வருந்தி எழுதுகிறவர்கள் எழுதட்டும். எங்கள் வீட்டில் இது அன்றைக்குத்தான் அழிந்தது, அழித்தவன் நான். அப்பா மூடிய கையோடு வாசலுக்குப் போய், கையிலிருந்த சாமையைக் கோழிகளுக்கு வீசினார்.