ஆறு சிஸ்டமும் அணைஞ்சிருச்சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மக்கர் பண்ணும் கம்ப்யூட்டரைப் பார்த்தால் இன்னும் சீக்கிரமாக வரும். விருதுநகரிலிருந்து ஸ்கூட்டியில் சிவகாசிக்குப் போய், பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்களில் சிஸ்டம் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆரம்பத்தில், ஒரு பெண் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கத்தான் ஆள் வந்ததே தவிர, வேலை கொடுக்க வரவில்லை. நம்பி ஆறு கம்ப்யூட்டரையும் மொத்தமாக ஒப்படைத்தது ஒரே ஒரு கம்பெனிதான்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறிலும் விண்டோஸைச் சுத்தமாகப் போட்டேன். ஆன் செய்ததுமே கூட்டமாகத் திறந்துகொள்ளும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். லாரி வாசலில் நிற்கிற நேரம் பார்த்து அப்டேட் வந்து உயிரை வாங்குகிறது என்று பில் போடுகிறவர்கள் புலம்பினார்கள். சாயங்காலம் அணைக்கும்போது மட்டும் அப்டேட் ஆகிற மாதிரி மாற்றி வைத்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டே வாரத்தில் போன் வந்தது. ஒரு சிஸ்டம் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். போய்ச் சரிசெய்தேன். நாலு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த வாரம் இரண்டு சேர்ந்து. ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், ராம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தீபாவளி ஆர்டர் குவிகிற சமயம். லோடு ஏற்றிய லாரி பில்லுக்காகக் காத்துக் கிடந்தது. முதலாளி சத்தம் போடாத மனிதர், அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

"இன்னொரு தடவ நின்னுச்சுன்னா மதுரயில இருந்து ஆள வரச் சொல்லிருவேம்மா. கோவிச்சுக்கிடாதீக."

சிவகாசியில் ஒரு ஆபீஸில் வேலை போனால் மறுநாள் டீ குடிக்கிற நேரத்துக்குள் எல்லா ஆபீஸுக்கும் தெரிந்துவிடும். அதோடு என் தொழில் முடிந்தது.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன். எப்போது என்ன ஆனது என்று கம்ப்யூட்டர் தானே குறித்து வைக்கும் பதிவை ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்தேன். கெட்டுப்போன நாளெல்லாம் முறையாக அணைவதற்குள் கரண்ட் போயிருக்கிறது. எல்லாமே ஐந்தே முக்கால் மணியை ஒட்டி. பக்கத்து ஆபீஸில் விசாரித்தால், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போனதே இல்லை. அன்று ஐந்தரைக்கு எல்லாரும் கிளம்பிய பிறகும் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆபீஸைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போகும் அக்கா உள்ளே வந்தார். ஆறு திரையிலும் அப்டேட் ஓடி, புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. 'அணைக்க வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்கா யூ.பி.எஸ்.ஸை அணைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்ச்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தார். இழுத்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"யக்கா! என்ன காரியம் பண்றீக! இப்படி இழுத்துத்தான் சிஸ்டம் எல்லாம் கெட்டுப்போகுது!" என்று கத்திவிட்டேன்.

அவர் வெலவெலத்துப் போனார். "ஆளில்லாத எடத்துல கரண்டு இருக்கக் கூடாது தாயி. ஒரு பொறி போதும்" என்று இடது கையை நீட்டினார். முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி இருந்தது. முன்பு பட்டாசுக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "இத்தன வருசமா இழுக்கேன், ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லைதான். அப்டேட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்த மகராசி நானல்லவா. இந்த ஊரில் யார் கடைசியாக வெளியே போகிறார்கள், போகும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், காலையில் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்வரை நான் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

உள்ளே அக்கா முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல மொதலாளி. நாந்தேன் தெரியாம கரண்ட இழுத்துக் கெடுத்துப்புட்டேன்" என்றார். நேற்று நான் கத்திய கத்தலுக்கு அவர் திருப்பித் தந்தது அது. "இல்லண்ணாச்சி, பாதிக்கு மேல என் தப்பு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

முதலாளி எழுந்து மெயின் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் போனார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் இவகள ஆபீசுல வச்சு, தெனமும் இழுத்துட்டுத்தான் பூட்டணும்னு சொன்னதே எங்கப்பாதான். அத மாத்தாண்டாம். நீங்க கம்ப்யூட்டர மாத்துங்க" என்றார்.

மாற்றினேன். அப்டேட் எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனது. ஐந்தரை அடித்தால் ஆறும் தானாக அணையும். அந்த ஆபீஸ் சொன்ன நல்ல வார்த்தையால் எனக்கு வேறு ஆபீஸ்கள் கிடைத்தன. இன்று காரியாபட்டி வரைக்கும் போய் வருகிறேன். எங்கே போனாலும், கடைசியில் பூட்டுகிறவர் யார் என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வரும். "ஆறு சிஸ்டமும் அணைஞ்சிருச்சு தாயி. இழுக்கட்டா?" கேட்கத் தேவையே இல்லை, எல்லாம் தானாக நடக்கிறது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. என்ன வேலையில் இருந்தாலும், யாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும், அந்த நேரத்துக்கு எழுந்து வெளியே வந்து போனை எடுப்பேன்.

"இழுங்கக்கா" என்பேன்.