மயத்தில் கழன்ற வளையல்

கொச்சி மட்டாஞ்சேரியில் வளையல் கடை வைத்திருக்கிறேன். பெண்களின் கையைப் பிடித்து வளையல் போடுவதே தொழில் என்றாலும், முகம் பார்த்துப் பேச இன்றும் கூச்சம்தான். களமசேரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் ரப்பர் கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்தே பேசலாம்.

கெட்டியான பொருள் ஒன்று, மெத்தென்ற பொருளின் மேல் வழுக்கிப் போவதைக் கணக்காக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறாளாம். கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று தெரிய வேண்டும். ரப்பர் கையில் சோப்பு நுரை தடவிக் கண்ணாடி வளையல் போட்டுக் காட்டினேன்.

"இக்கா, எந்தினா நடுக்கு நிறுத்துன்னே?" என்று மலையாளத்தில் கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இக்கா என்பார்கள். நான் நடுவில் நிறுத்துகிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவளே விளக்கினாள். வேகமாகத் தள்ளினால் சதைக்கு அமுங்க நேரமில்லை, விறைத்து நிற்கும். ரொம்ப மெதுவாகத் தள்ளினால் சதை இடம் கொடுக்கும். ஆனால் இடையிலுள்ள நுரை பிதுங்கி வெளியேறி, வளையல் தோலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் உண்டு; நிறுத்தி நிறுத்தித் தள்ளும் என் கைக்கு அது தானாக வருகிறதாம். அதைத்தான் கணக்கில் தேடுகிறாள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது புரிந்தது.

அடுத்த மாதம் தமிழ்நாட்டில் எங்கள் ஊரிலிருந்து என் அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக வந்தாள். கையில் கல்யாணத்தன்று மச்சான் போட்ட தங்க வளையல். கை பருத்து, கழற்ற முடியாமல் போயிருந்தது. உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது, வெட்டிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மச்சான் இப்போது இல்லை.

"வெட்டுனா நான் ஊருக்கு பஸ் ஏறிருவேன். கல்லு உள்ளேயே கெடக்கட்டும்" என்றாள் லாத்தா. சொன்னால் செய்கிறவள்.

ஸ்கேன் எடுக்கும்போது தடவும் ஜெல்லை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. பதற்றத்தில் தொழிலையே மறந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். வளையல் பெருவிரல் அடியில் முட்டி நின்றது.

"மயத்தில், இக்கா, மயத்தில்!" என்றாள் நர்ஸ். பதமாக, மெல்ல என்பதற்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். லாத்தாவின் காதில் அது மய்யத்து என்று விழுந்தது. பிணத்துக்கு எங்கள் சொல் அது.

"யாருடி மய்யத்து? உள்ள போறதுக்கு முந்தியே முடிவு பண்ணிட்டியா?" என்று கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு பேருக்கும் நான் அர்த்தம் சொன்னேன். நர்ஸ் வாயைப் பொத்திச் சிரிக்க, லாத்தாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவள் இறுக்கி வைத்திருந்த விரல்கள் தளர்ந்தன. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, வளையலைக் கொஞ்சம் நகர்த்தினேன். நிறுத்தி, சதை அமுங்கக் காத்திருந்தேன். விளிம்பில் புதிதாக ஜெல் தடவித் திருகினேன். மறுபடியும் அப்படியே. நான்காவது தடவை, தானாக வருவதுபோல வந்து என் மடியில் விழுந்தது. ஜெல்லைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்ட்ரெச்சர் நகரும்போது லாத்தா தலையைத் தூக்கி, "டேய், பழக்க தோஷத்துல அதக் கொண்டுபோய் கடையில மாட்டிறாத!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. இந்தச் சத்தத்தோடு உள்ளே போகிறவள் நல்லபடியாக வெளியே வருவாள் என்று தோன்றியது.

மதியத்துக்குள் வந்தாள்.