லெகிமான் போடாத எட்டு

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தா வண்டிதான். கல்யாணமான புதுசுல நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, தன் அம்மாகிட்டயே சொல்லுவார்: "குளிர் வண்டிம்மா. சோக் இழுத்தாதான் துமினா ஸ்டார்ட் ஆவா. கொஞ்சம் பொறு." பக்கத்து வீட்டு ஜுமாதிக்கும் அவன் பொண்டாட்டிக்கும் சண்டைன்னா இவர்தான் பஞ்சாயத்து. "ஏத்தத்துல ரெண்டு பேரும் நாலாவது கியர்லயே போவேன்னு அடம்பிடிச்சா எஞ்சின் நிக்காம என்ன பண்ணும்? ஒருத்தராவது ரெண்டுக்கு இறங்குங்கப்பா." சாவு வீட்லயாவது சும்மா இருப்பாரா? அங்கயும் மெதுவா என் காதுல, "கிழவருக்கு ஆயில் தீந்து ரொம்ப நாளாச்சு, சத்தத்துலயே தெரிஞ்சுது"ம்பார். நான் தொடையில கிள்ளுவேன்.

பேர் லெகிமான். லெகி கிழமையில பிறந்ததால அந்தப் பேர். எங்க ஜாவாவில வாரத்துக்கு ஏழு கிழமைன்னா சந்தைக்கு அஞ்சு கிழமை தனியா உண்டு. அதுல ஒண்ணு லெகி, ஒண்ணு க்லிவோன். அதைப் பத்திப் பின்னால சொல்றேன், என் தலையெழுத்தே அதுலதான் இருக்கு.

இருபத்தெட்டு வருஷமா இந்த மலையில வண்டி ஓட்டினவர். முதல்ல முட்டைக்கோஸ் மூட்டை, அப்புறம் ஆளு, கடைசி நாலு வருஷமா பார்சல். கீழே பட்டணத்துக் கிடங்குல எடுத்து மேல ஏழு ஊருக்குக் கொண்டு போய்க் கொடுக்கணும். வண்டி பழைய கியர் வண்டி, எங்க ஊர்ல அந்த ரகத்துக்கு வாத்துன்னு பேர். பின்னாடி ரெண்டு பக்கமும் பெட்டி தொங்க, முன்னாடி ஒரு சாக்கு, சேத்துல வளைஞ்சு வளைஞ்சு ஏறுவார். ஆனா கால் தரையில படாது. "வாத்து நீந்துறப்ப காலை எவனாவது பாத்திருக்கானா?"ன்னு கேப்பார். பீத்தல்னு நினைக்காதீங்க. என் மகளைப் பெக்கறதுக்கு இடுப்பு வலியோட அவர் முதுகைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மழையில, மூங்கில் பாலத்து மேல போனவ நான். பாலம் ஆடிச்சு, நான் கத்தினேன், அவர் கால் ஊனல. அன்னைக்கு அந்தக் காலைப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துது.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதையும் கடைசி வரைக்கும் இழுப்பார். பெட்ரோல் முள்ளு சிவப்பைத் தொட்டாலும், "இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர் போகும் துமி. எல்லாத்துலயும் ரிசர்வ்னு ஒண்ணு இருக்கு"ம்பார். வீட்டுக் கூரை ஒழுகினாலும் ரிசர்வ், பல்வலிக்கும் ரிசர்வ். லைசென்ஸ் விஷயத்துலயும் அதையேதான் பண்ணினார்.

எங்க ஊர்ல லைசென்ஸை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். தேதிக்கு முன்னாடி போனா ஒரு போட்டோ, ஒரு கையெழுத்து, முடிஞ்சுது. இவர் நோன்புப் பெருநாள் பார்சல், அந்தப் பார்சல் இந்தப் பார்சல்னு தள்ளித் தள்ளி கடைசி நாளுக்குக் கொண்டு வந்துட்டார். அந்த மாசம் பாத்துக் கிடங்கு மேலாளர் வினார்ஸி அம்மா புது உத்தரவு போட்டுட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள செல்லுபடியாகுற லைசென்ஸ் காட்டினாத்தான் வேலை நிரந்தரம். காட்டாட்டி இவரோட ஏழு ஊரும் வேற ஆளுக்குப் போயிடும். அந்தம்மா நல்லவங்கதான், மேலிடத்து உத்தரவு, அவங்க என்ன செய்வாங்க?

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. காலையில சட்டை மாத்தி, தலை வாரி, ஆணியில மாட்டியிருந்த சாவியை எடுக்கப் போனார். நான் காலண்டரைப் பாத்தேன். செவ்வாய் க்லிவோன்! இவரோட அப்பா செத்த கிழமை. வாரக் கிழமையும் சந்தைக் கிழமையும் ஒண்ணா வந்து விழ முப்பத்தஞ்சு நாளாகும். அப்பனோ ஆத்தாளோ செத்த அந்தக் கிழமை திரும்பி வர்ற அன்னைக்குப் புள்ளைங்க தினப்படி வேலைக்குப் போகலாம், ஆனா புதுசா ஒரு காகிதம் வாங்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. போட்டா விளங்காது. இது எங்க அம்மா எனக்குச் சொன்னது, நான் என் மகளுக்குச் சொன்னது.

"இன்னைக்கு வேண்டாம், அப்பா நாள்"னேன்.

"அப்பா என்ன, ஆபீஸ் வாசல்ல நின்னு மறிக்கவா போறார்? இன்னையோட தேதி முடியுதுடி."

"நாளைக்குப் புதன் லெகி. நீங்க பிறந்த கிழமை. அதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ஒரு நாள்ல என்ன குடி முழுகிடும்? நீங்கதானே எல்லாத்துலயும் ரிசர்வ் இருக்குன்னு சொல்லுவீங்க!"

அவர் சிரிச்சார். அவர் பேச்சையே அவருக்குத் திருப்பினதுல அவருக்கு ஒரு சந்தோஷம். நான் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள்ள போட்டேன். ஆமா, நான்தான் போட்டேன். இந்தக் கைதான்.

மறுநாள் நானும் பின்னாடி ஏறிக்கிட்டேன். லைசென்ஸ் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு சொல்ற ஆபீசுக்கு லைசென்ஸ் செத்த வண்டிக்காரரோட முப்பது கிலோமீட்டர், நாப்பது வளைவு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பாக், நேத்தோட முடிஞ்சு போச்சே"ன்னா. வயசானவங்களை நாங்க பாக்னுதான் கூப்பிடுவோம், மரியாதைக்கு.

"ஒரு நாள்தானேம்மா?"

"ஒரு நாளானாலும் முடிஞ்சது முடிஞ்சதுதான். புதுசா எடுக்கணும். பரீட்சை எழுதி, பின்னாடி மைதானத்துல எட்டு போடணும்."

"உங்க ஆபீசுல ரிசர்வே கிடையாதா?"ன்னு இவர் கேட்டார். அந்தப் பொண்ணு சிரிக்கல.

இதுல ஒரு ரகசியம் இருக்கு. இவர் வாழ்க்கையில எட்டே போட்டதில்ல. எங்க மலையில அந்தக் காலத்துல பாதிப் பேர் ஒரு தரகரைப் பிடிச்சுத்தான் லைசென்ஸ் வாங்கினாங்க, இவரும் அப்படித்தான். இப்ப அதெல்லாம் மலையேறிப் போச்சு, மைதானத்துல நாலு மூலையிலயும் கேமரா.

எழுத்துப் பரீட்சை எப்படியோ தேறிட்டார். மைதானத்துல ஆரஞ்சுக் கூம்பா நிறுத்தி வெச்சு, வெள்ளைக் கோட்டுல எட்டு. ஆபீஸ் வண்டியைக் கொடுத்தாங்க. முதல் வட்டம் நல்லாத்தான் போனார். எட்டோட இடுப்புல திரும்பறப்ப இடது கால் லேசாத் தரையைத் தொட்டுச்சு. பூ விழுந்த மாதிரிதான். விசில் அடிச்சாங்க. "ஏழு நாள் கழிச்சு வாங்க பாக்."

"அடுத்தவன் வண்டி, அடுத்தவன் செருப்பு. கடிக்கத்தான் செய்யும்"னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தார். அரிசிப் பானைதான் கண்ணுல நின்னுச்சு.

ஊர்ல முட்டைக்கோஸ் கொட்டுற களத்துல சுண்ணாம்பால எட்டு வரைஞ்சார். கூம்புக்குப் பதிலா தண்ணி பாட்டில். சாயங்காலம் ஆச்சுன்னா ஊரே வந்துடும், கையில சுடச்சுட தெம்பேங்கற சோயா வறுவலோட, ஏதோ பொம்மலாட்டம் பாக்க வந்த மாதிரி. ஜுமாதி சும்மா இருப்பானா? "ரோட்டுல எவன்யா எட்டு போடறான்? போட்டா குடிச்சிருக்கான்னு போலீஸே பிடிக்கும்!" எல்லாரும் சிரிச்சாங்க, இவரும் சிரிச்சார். முதல் நாள் பத்துக்கு ஏழு தடவை சரியா வந்துது. மூணாம் நாள் பத்துக்கு நாலு. அதுக்கப்புறம் நான் எண்ணல.

ரெண்டாவது தடவை சொந்த வண்டியிலயே ஓட்ட விட்டாங்க. இனிமே சொல்றதுக்குச் சாக்கும் இல்ல. கூம்பைத் தட்டிட்டார். எட்டு போடறதைச் சோதிக்கற போலீஸ் தம்பி தங்கமான புள்ள, பக்கத்துல வந்து தோளைத் தொட்டுச் சொன்னான்: "பாக், கோட்டைப் பாக்காதீங்க. தூரமா பாருங்க, கை தானா போகும். பதினாலு நாள் கழிச்சு வாங்க."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனா இருபத்தெட்டு வருஷமா எங்க பாக்கறோம்னு யோசிக்காத மனுஷனுக்கு அன்னையிலிருந்து அந்த யோசனை பிடிச்சுக்கிச்சு. சோத்துல கை வெச்சுக்கிட்டே, "துமி, வளைவுல நான் எங்கடி பாப்பேன்?"ன்னு கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் இத்தனை வருஷமும் அவர் முதுகைத்தானே பாத்துட்டு வந்தேன்.

அந்த வாரம் சந்தையிலிருந்து திரும்பி வர்றோம். மகளைப் பெக்கப் போனப்ப தாண்டின அதே ஆறு, இப்ப சிமென்ட் பாலம், மழையும் இல்ல. பாலத்து நடுவுல வண்டி மெதுவாச்சு. வலது கால் கீழ இறங்கிச்சு, அப்புறம் இடது கால். ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிக்கறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கல்லு."

கல்லெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் இறங்கிப் பாலத்தைத் தாண்டி நடந்தேன். கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடக்கறேன்னு பொய் சொன்னேன். அவர் என் பின்னாடி வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தார். ஆண்டவனே, என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. உன்னாலதான்டி, உன் காலண்டராலதான்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்ல.

மூணாவது தடவை. மாசம் முடிய ரெண்டு நாள் பாக்கி. முதல் வட்டம் முடிச்சார். எட்டோட இடுப்புக்கு வந்ததும் நின்னுட்டார். கூம்பு எதுவும் விழல. எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ரெண்டு காலும் தரையில.

"போங்க பாக், போங்க! நல்லாத்தானே வந்தீங்க?"ன்னான் அந்தப் புள்ள. விசிலை வாயில வெக்கக்கூட அவனுக்கு மனசு வரல.

இவர் அவனைத் திரும்பிப் பாத்தார். "எப்படிப் போறதுன்னு மறந்து போச்சு தம்பி."

வேலியோரம் வரிசையில நின்ன சின்னப் பசங்க சிரிச்சாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒவ்வொருத்தனையும் செருப்பால அடிச்சிருப்பேன். அடிச்சு என்ன ஆகப் போகுது? அடுத்த தடவைக்கு முப்பது நாள்னு எழுதிக் கொடுத்தாங்க.

வினார்ஸி அம்மா வீட்டுக்கே வந்து சொன்னாங்க. டீயைக் குடிக்க முடியாம வெச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஏழு ஊரும் யாருக்குப் போச்சுன்னு நினைக்கறீங்க? ஜுமாதிக்கு! போன வருஷம்தான் கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கினான், லைசென்ஸ் இன்னும் நாலு வருஷத்துக்கு இருக்கு. மறுநாள் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். "பாக், கோவிச்சுக்காதீங்க. எந்த வீட்ல நாய் இருக்கு, எந்த வழி மழைக்கு ஆகாதுன்னு சொன்னீங்கன்னா..."

இவர் அவனை உக்கார வெச்சு ஏழு ஊரையும் சொன்னார். வீடு வீடா, திருப்பம் திருப்பமா. "மேல மசூதி தாண்டி மூணாவது வளைவுல ரெண்டாவது கியருக்கு வந்துடு. வராட்டி பின்னால இழுக்கும்."

"எனக்குக் கியரே இல்லையே பாக்."

"ஆமால்ல"ன்னார் இவர்.

அதுக்கப்புறம் வந்த ஒரு செவ்வாய் மறுபடியும் க்லிவோன். முப்பத்தஞ்சு நாள் ஓடிப் போயிருந்துது. இவர் பத்து நாளா வண்டியைத் தொடவே இல்ல, சீட்டு மேல கோழி உக்காந்திருக்கு, விரட்டக்கூட இல்ல. வண்டியை வெச்சு ஒரு வார்த்தை பேசலை. மகள் போன்ல அழுதா, "அழாதம்மா"ன்னு மட்டும் சொல்றார். வண்டி இல்லாத அந்தப் பேச்சு எனக்கு யாரோ வேத்து ஆள் பேசற மாதிரி இருந்துது. காலண்டரைப் பாத்தேன். அம்மாவாவது, சொல்லாவது, போகட்டும்னு தோணுச்சு. ஆணியில இருந்த சாவியை எடுத்து அவர் கையில வெச்சேன்.

"எங்கயாவது ஒரு சுத்துப் போய்ட்டு வாங்க. எட்டெல்லாம் வேண்டாம். சும்மா, பாலம் வரைக்கும். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

சாவியை உள்ளங்கையில வெச்சுக் கொஞ்ச நேரம் பாத்தார். எழுந்து போய் அரிசிப் பானையைத் திறந்தார். சாவியை உள்ள போட்டு மூடினார்.

"இன்னைக்கு வேண்டாம் துமி"ன்னார். "அப்பா நாள்."