பாரம் எங்கே போகிறது என்று கேட்டவர்

ரெஜினா டீச்சரைப் பற்றிப் பங்கு இதழுக்கு எழுதச் சொன்னார்கள். எனக்கு வரிசை இல்லாமல் எழுத வராது. செய்தி வந்த அன்றே போட்டுவைத்த குறிப்புகள் இவை:

1. செய்தி வந்த விதம்.
2. அவர் எனக்குக் காட்டிய கதீட்ரல்கள்.
3. நம் கோயிலின் முட்டுச்சுவர்களை அவர் காப்பாற்றியது.
4. மனிதர்களைவிடக் கற்களோடுதான் அவருக்கு நெருக்கம் என்பது.

நம் கோயில் என்று எழுதிவிட்டேன். நான் உங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவன் அல்லன். பெங்களூர் நீலசந்திராவில் கோயிலுக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும், தொழிற்சாலைக் கூரைகள் வரைந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளன். அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. டீச்சர் இருந்தால் திருத்தியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அந்தோணி காலையில் தொலைபேசியில் அழைத்தார். "சார், ரெஜினா டீச்சர் எறந்துட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." "மணிக்கூண்டில் புறாவலை கட்டியாகிவிட்டதா?" என்று கேட்டேன். கடைசியாக டீச்சரோடு பேசியது அதைப் பற்றித்தான். அந்தோணி, "கட்டியாச்சு சார்" என்றார். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

டீச்சர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். பெங்களூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை மாலைகளில் பங்கு மண்டபத்தில் எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்களைக் கூட்டிவைத்து, ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களான கதீட்ரல்களைப் பற்றிப் பேசுவார். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பழைய நாள்காட்டிகளின் பின்புறத்தில் ஒட்டிவைத்த படங்கள்தான். எந்தப் படத்தை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றே: "இந்தப் பாரம் எங்க போகுது?"

எனக்குப் பிடித்த கேள்வி அது. கூர்மையான வளைவுகளின் மீது நிற்கும் கல்கூரை, சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க அந்நாளைய கொத்தர்கள் சுவருக்கு வெளியே முட்டுச்சுவர்களை எழுப்பி, அவற்றிலிருந்து பாலம் போலத் தாவும் வளைவுகளால் கூரையைத் தாங்கினார்கள். பாரம் வெளியே போய்விட்டதால் சுவருக்கு வேலை குறைந்தது. சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. எழுத்தறியாத மக்கள் அந்த வெளிச்சத்தில் வேதக் கதைகளைப் பார்த்தார்கள். கடவுளே ஒளி என்று நம்பியவர்களுக்கு, கட்டடத்துக்குள் ஒளி வருவது வெறும் வசதி இல்லை என்பார் டீச்சர். "உள்ள வெளிச்சம் வரணும்னா வெளிய ஒருத்தர் சுமக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம்.

ஒருமுறை துணிந்து ஒரு சந்தேகம் கேட்டேன். அந்தக் கொத்தர்கள் உண்மையிலேயே கடவுளை நினைத்தார்களா, அல்லது கூரை விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்களா?

"ஏன் சார், ஒரே ஆளு ரெண்டையும் நெனைக்கக் கூடாதா? நீங்க கணக்குப் போடறப்ப சாமியை வேண்டிக்கிட்டதே இல்லையா?"

வேண்டிக்கொண்டதுண்டு.

போன ஆண்டு, கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையில், கோயிலின் தெற்குப் பக்க முட்டுச்சுவர்களை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று பேச்சு வந்தது. அவை அழகுக்காக வைத்தவைதானே என்றார்கள். பொறியாளன் என்பதால் என்னையும் அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். நான் கோயிலுக்குள் நின்று தட்டையான பலகைக் கூரையை அண்ணாந்து பார்த்து, மேலே சாதாரண மரச்சட்டமும் ஓடும்தான் இருக்கும், பாரம் நேராகக் கீழே இறங்குகிறது, முட்டுச்சுவர் எதையும் தாங்கவில்லை என்றேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்ல நிறுத்துனா போலீஸ்காரன் வண்டியத் தூக்கிட்டுப் போறான் டீச்சர்" என்றார் பேரவைச் செயலாளர். "நாமளும் கொஞ்சம், சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்ல?"

"செவுத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதுப்பா" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேல ஏறிப் பாத்தீங்களா இன்ஜினியர் சார்?"

"இல்லை டீச்சர். எனக்கு ஏணின்னா பயம்."

"இத்தனை வருசமா ஃபேக்டரிக்கெல்லாம் கூரை போட்டீங்களே, யாரு ஏறினா?"

"மத்தவங்க ஏறுவாங்க. நான் வரைவேன்."

"அப்ப இன்னிக்கு ஏறி வரைங்க."

பேரவை சிரித்தது. அந்தோணி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன். ஒரு பலகையை நகர்த்தி டார்ச் அடித்தேன். பலகை பின்னாளில் யாரோ புறாக்கள் கூடு கட்டாமலிருக்க அடித்த மறைப்பு. அதற்கு மேலே, நாங்கள் எவரும் பார்த்திராத செங்கல் வளைகூரை, படங்களில் இருப்பதைப் போலவே கூராக எழும்பி, இருட்டுக்குள் நீண்டு போனது.

"டீச்சர், வளைவு இருக்கு! செங்கல் வளைவு!"

"எந்தப் பக்கம் தள்ளுது?" கீழிருந்து குரல் வந்தது.

"வெளிப்பக்கம்!"

"அப்ப அதைத் தாங்குறது யாரு? செகரெட்டரிக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க!"

சொன்னேன். முட்டுச்சுவர்கள் தப்பின. எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் வெளியே போய், தெற்குச் சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையால் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார் என்று நினைவு. தனியாக வாழ்ந்தவர், பேரவையில் எவரிடமும் சிரித்துப் பேசாதவர். நான்காவது குறிப்பை அதை வைத்துத்தான் எழுதினேன்.

அடக்கத்துக்கு மறுநாள் புதன்கிழமை, வாரந்தோறும் சிறப்பு வேண்டுதல் நடக்கும் நவநாள். கோயிலுக்குப் போனேன். தெற்குப் பக்கத்தில், இரண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவே இருக்கும் நிழலில், சில பெண்கள் சுவரில் சாய்ந்தபடி மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலை செய்பவர்கள். நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் இருந்தார்கள், பர்தா அணிந்த ஒருவரும் இருந்தார். அவர்களில் சரசு எங்கள் தெருவில் வேலை செய்பவர்.

"உள்ள போகலையாம்மா?" என்றேன்.

"நாங்க எப்பவும் இங்கதான் சார். வேல முடிஞ்சு அழுக்குச் சேலையோட வரோம், உள்ள போக ஒரு மாதிரியா இருக்கும். டீச்சர் உள்ள வாங்கன்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல. அவங்களே வந்து எங்ககூடக் குந்திக்குவாங்க. கதையெல்லாம் சொல்லுவாங்க."

"டீச்சரா?"

"ஆமா. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாங்க. போன வருசம் இத இடிக்கப் போறாங்கன்னு நாங்க அழுதப்ப, பயப்படாதீங்கடி, கணக்குத் தெரிஞ்ச ஒரு மனுசன மேல ஏத்திவிடப் போறேன்னாங்க. அது நீங்கதான?"

நான்தான் என்றேன்.

பேரவையில் இந்தப் பெண்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், வேறெங்காவது ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று சொல்லியிருப்பார்கள். செங்கல்லின் பாரத்தை மட்டும் யாராலும் வேறிடத்துக்கு மாற்ற முடியாது. அங்கே வளைகூரை இருப்பது அவருக்கு முன்பே தெரியுமா, அல்லது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு என்னை ஏற்றிவிட்டாரா? இனிக் கேட்க முடியாது. எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் உள்ளே நுழையும் முன் வெளிப்பக்கமாக ஒரு சுற்று நடக்கிறேன். பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கிறேன். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் இப்போது பார்க்கிறேன்.

கற்களோடுதான் அவருக்கு நெருக்கம் என்ற நான்காவது குறிப்பை அடித்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பு தவறு.