வலிக்காத கட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாத வெயிலில், திண்டுக்கல்லில் நடந்தது இது. அப்போது நான் மதுரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த கடைசி வருட மாணவி. ஏதாவது ஒரு துறையை நாங்களே தேர்ந்தெடுத்து ஒரு மாதம் பயிற்சி பெற வேண்டும். விருப்பப் பயிற்சி என்று பெயர். என் விருப்பமோ சென்னையில் அறுவை சிகிச்சைப் பிரிவு. அவ்வளவு தூரம் அனுப்ப அப்பா மறுத்துவிட்டார். சித்தி வீடு திண்டுக்கல்லில் இருந்ததால், அங்கே ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் குடும்ப, சமூக மருத்துவம் கற்க எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

காலையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மாலையில் நர்ஸுடன் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. வீடு எங்கே, என்ன தொழில், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும். தோழிகள் ஆபரேஷன் தியேட்டரில் நிற்க, நான் மட்டும் இங்கே கிணற்றைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரே புழுக்கம். எப்போது மாதம் முடியும் என்றிருந்தது.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை. மதுரையில் ஒரு தோழிக்கு நிச்சயதார்த்தம். நிலையத்தின் பெரிய டாக்டர் ஆத்தூருக்கு முகாம் போயிருந்தார். நான் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தபோது கடைசியாக ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி. நடுவில் கருப்பாகப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம்.

"வலிக்குதா?" என்றேன்.

"நோவே இல்லம்மா. லேசா காச்சல் மாதிரி இருக்கு, அம்புட்டுத்தான்."

வலி இல்லையென்றால் நல்லதுதானே! களிம்பு கொடுத்து, "திங்கக்கிழமை வாங்க, கீறி விட்டுடலாம்" என்றேன். கத்தி பிடிக்க ஒரு வாய்ப்பு என்று மனசுக்குள் சந்தோஷம் வேறு. அட்டையில் பெயர், வயது, 'கழுத்தில் கட்டி' என்று எழுதினேன். மற்றக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் புறப்பட்டது. என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. 'நோவே இல்லம்மா' என்ற குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த அளவு கட்டி வலித்தே ஆக வேண்டுமே? திடீரென்று பாடப் புத்தகத்தின் ஒரு படம் கண்முன் வந்தது. கருப்புப் பொருக்கு, வலியில்லாத வீக்கம். ஆந்த்ராக்ஸ். ஆடுமாடுகளிடமிருந்து, அவற்றின் தோலைக் கையாளுபவர்களுக்கு வரும் நோய். அதில் கத்தி படவே கூடாது. அவர் என்ன வேலை செய்கிறார்? நான் கேட்கவே இல்லை. அதுவும் தோல் பதனிடுவதற்குப் பேர்போன இந்த ஊரில்!

"நிறுத்துங்க!" என்று எழுந்தேன்.

"ஏம்மா, இப்பத்தான ஏறுனீங்க?" என்று கண்டக்டர் சலித்துக்கொண்டார்.

வெயிலில் நிலையத்துக்கு ஓடி வந்தபோது நர்ஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். கடைசியாக வந்தவருக்கு என்ன வேலை என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"தோல் ஷாப்புல வேலை பாக்குறவருதான். பக்கத்துல வந்தாலே வாடை தெரியுமே டாக்டரம்மா. வீடு எங்கேன்னு அட்டையில இருக்கும், பாருங்க."

அவளே உள்ளே போய் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பூட்டிவிட்டு, குதிரை வண்டியைக் கூப்பிட்டாள்.

தோல் ஷாப்பு ஆட்கள் குடியிருக்கும் பேகம்பூர்ச் சந்துகளில் அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்கள். "எந்த ஷாப்பு? யாரு மகன்?" என்று கேட்டவர்களிடம் பெயரையும் வயதையும் மட்டும்தான் சொல்ல முடிந்தது. இரண்டு வீடு தவறிப் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்த பிறகு, கழுத்துக் கட்டியைச் சொல்லி நர்ஸ் விசாரித்ததில் ஒரு பெண் வீட்டைக் காட்டினாள். வாசலுக்கு வந்தவர் அவருடைய மனைவி.

"அவுக இல்லையே. திங்கக்கிழமை லீவு கெடைக்காது, எப்படியும் கீறத்தான போறாக, இன்னைக்கே கீறிட்டு வந்துர்றேன்னு முடிவெட்டுற கடைக்குப் போனாக."

நான் சொன்ன சொல்! அப்போதெல்லாம் முடிவெட்டுகிறவர்களே கட்டியும் கீறி விடுவார்கள். எப்படி அந்தத் தெருமுனைவரை ஓடினேன் என்று தெரியாது. கடையில் அவர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கையில் கத்தி.

"வேண்டாம், தொடாதீங்க!" என்று கத்தினேன்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "நானும் அதான் யோசிச்சுக்கிட்டே நிக்கிறேன் தாயி. சீழும் இல்ல, நோவும் இல்லேங்கிறாரு. எனக்கு மனசே வரல."

நான் கவனிக்காமல் போனதை அவர் கவனித்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பரிசோதனையில் ஆந்த்ராக்ஸ்தான் என்று உறுதியாயிற்று. கீறியிருந்தால் விஷம் ரத்தத்தில் கலந்து உயிரே போயிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். பென்சிலின் ஊசி ஆரம்பித்தும் இரண்டு நாள் வீக்கம் முகம் முழுக்கப் பரவி, ஒரு கண்ணே மூடிக்கொண்டது. சித்தி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வார்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "கீறலாம்னு நான்தான் தப்பாச் சொன்னேன்" என்று அந்த மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் பெஞ்சில் இருந்த மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் விட்டு, "சாப்ட்டீகளா?" என்று மட்டும் கேட்டார்.

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. அதற்குள் நர்ஸும் பெரிய டாக்டரும் அந்தத் தோல் ஷாப்புக்குப் போய் எல்லோரையும் பார்த்திருந்தார்கள். இன்னொருவர் முழங்கையில் அதே கருப்புப் பொருக்கு. வலிக்காததால் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவரும் பிழைத்தார்.

பின்னாளில் ஆசைப்பட்டபடியே அறுவை சிகிச்சைதான் படித்தேன். ஆனால் எந்த நோயாளி வந்தாலும், அவர் எங்கே வாழ்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டு முடித்த பிறகும், இன்னும் எதையோ கேட்காமல் விட்டுவிட்டோமோ என்ற பதைப்பு எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. அது அடங்காமல் இருப்பதே நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.