காலண்டர் ஆணியில் ஒரு கைதி

எங்கள் வீட்டில் கைதிகளைக் காலண்டர் ஆணியில் மாட்டிவைப்பது வழக்கம். கைதி என்றால் ஒரு தாள்தான். ஆனால் அந்தத் தாளில் நான் இருந்தேன்.

அப்பாவுக்குப் புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் புனேயில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தார். ஹாஸ்டலிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு: ஒரு விளையாட்டின் விதிகள் உள்ள, ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகம், இருபது முகம் உள்ள ஒரு பகடை. அந்த விளையாட்டுக்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. நம் எதிரே காடா, கோட்டையா, பூதமா என்று மாமா சொல்வார். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். ஆளுக்கொரு வீரன், அவனுடைய பலமும் குணமும் ஒரு தாளில்.

அண்ணன் கோடாலி வீரன். நான் மின்மினி, ராணியின் ஒற்றர் படையில் ஒருத்தி. குணம் என்ற இடத்தில், ‘கண்ணால் பார்த்ததை ராணியிடம் மறைக்க மாட்டாள்’ என்று நானே எழுதியிருந்தேன். நிஜத்தில் நான் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை என்பதால், தாளிலாவது இருக்கட்டும் என்று எழுதியிருப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு முறை அண்ணனின் வீரன் பிடிபட்டு, எதிரிகள் அவன் கழுத்தை வெட்டிவிட்டார்கள். அண்ணன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அம்மா கரண்டியோடு வந்து, இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாரையும் கொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அதற்குப் பிறகுதான் மாமா கைதிகளுக்கென்று தனிச் சட்டம் வகுத்தார். பிடிபட்டவரின் தாள் ஆணிக்குப் போகும். அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் காவல்தலைவன், அதாவது மாமா, கைதியிடம் பேசியே ஆக வேண்டும், சும்மா உட்காரவைக்கக் கூடாது. பேசும்போது மற்றவர்கள் காதில் விழாத இடத்துக்குப் போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைதிக்கு வெளியே போக ஒரு வழியாவது இருக்க வேண்டும்.

“வழி வெக்காம ஆளைப் புடிச்சா அது வெளையாட்டே இல்லீங்கக்கா,” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சரி என்றாள்.

நான் பிடிபட்டது ஒரு பாலத்தில். பகடையில் இரண்டு விழுந்தது. ஒரு வாரம் முழுக்கச் சாப்பிடும்போதெல்லாம் சுவரில் தொங்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னை மீட்க நோட்டில் கோட்டை வரைந்து, கயிற்றுக்கு முடிச்சு போடுவதெல்லாம் பழகிக்கொண்டிருந்தான். நிஜமாக நான் காணாமல் போயிருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருப்பானா என்பது சந்தேகம்.

அந்தப் புதன்கிழமை பரீட்சை என்று பள்ளிக்கூடம் பதினோரு மணிக்கே விட்டுவிட்டது. முந்தின வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததால் வெளியே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எனவே ஒரு வடாபாவ் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காத இடம் என்று ரயில்வே நடைபாலத்தில் ஏறினேன். கீழே பிளாட்பாரத்தில், காலை லோக்கல் ரயிலில் ஆபீசுக்குப் போயிருக்க வேண்டிய மாமா பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் வடாபாவைப் பின்னால் மறைத்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

சாயங்காலம் வழக்கம்போல ஏழரை மணிக்கு வந்தார், ஆபீசில் ஒரே வேலை என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நல்ல மாமா என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றிச் சொன்னால் நான் ஏன் பாலத்தில் ஏறினேன் என்ற கேள்வி வரும், அதனால் நானும் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. அண்ணன் பின்வாசலுக்குப் போனான். மாமா காவல்தலைவன் குரலில் ஆரம்பித்தார். “பாலத்துல நீ ஒருத்தனைப் பாத்தே. காவல்காரன். வேலை நேரத்துல வேலைக்குப் போகாம உக்காந்து சோறு தின்னுட்டிருந்தான்.”

போன வாரம் ஆட்டத்தில் அப்படி ஒருவனும் அந்தப் பாலத்தில் இல்லை. அதைச் சொன்னேன்.

“இருந்தான் கண்ணு. இப்பத்தான் அந்த விசயம் வருது,” என்றார். “அவனைப் பாத்ததை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடு. கதவைத் தொறந்து விட்டர்றேன். இதுதான் உனக்கு வழி.”

நான் தாளைப் பார்த்தேன். குணம் அங்கே தெளிவாக எழுதியிருந்தது. “முடியாது. நான் ராணிகிட்ட சொல்லுவேன்.”

“சொன்னா அவன் தலை போயிரும்.”

“போகட்டும். வேலைக்குப் போகாதது தப்புதானே மாமா?”

அவர் குரலை மாற்றிக்கொண்டார். அது காவல்தலைவன் குரலாகவும் இல்லை, மாமாவின் குரலாகவும் இல்லை. “கொஞ்ச நாள் சொல்லாம இரேன். அதுக்குள்ள அவன் வேற எடம் பாத்துக்குவான்.”

“ஒரு நாள்கூட முடியாது,” என்றேன். இவ்வளவு வீரமாக நான் அதுவரை எந்த ஆட்டத்திலும் பேசியதில்லை. எனக்கே புல்லரித்தது.

மாமா பகடையை என் முன்னால் நகர்த்தி, பூட்டை உடைத்துப் பார் என்றார். உருட்டினேன். மூன்று. மூன்றுக்குப் பூட்டு அசையக்கூடச் செய்யாது. அவர் பகடையைப் பார்க்கவே இல்லை. எழுந்து ஆணியிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். “கதவு தொறந்துருச்சு. போ.”

அண்ணன் கயிற்றோடு உள்ளே வந்து கத்தினான். “அரே, இது சீட்டிங் மாமா! நான் ஒரு வாரமா பிளான் போட்டிருக்கேன்!” மாமா சமையலறைக்குப் போய் அம்மாவையும் அப்பாவையும் உட்காரச் சொன்னார்.

கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், அவரை அனுப்பி மூன்று மாதமாகிறது. இதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாதான் கேட்டாள்: “தெனமும் டிபன் கட்டிக் குடுத்தனேடா. அதை எங்கடா உக்காந்து தின்னே?”

எங்கே என்று எனக்குத் தெரியும். வடாபாவ் ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா ஊருக்குக் கிளம்பினார். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவரிடம் என் தாளை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். “மாமா, நான் இன்னும் ராணிகிட்ட போய்ச் சேரலியே?”

“ராணிக்குச் சேதி சொல்லியாச்சு கண்ணு.”

“அந்தக் காவல்காரன்?”

“ஊருக்கு அனுப்பிட்டாங்க.”

“அவ்ளோதானா? தலை போயிரும்னு சொன்னீங்க!”

மாமா சிரித்தார். புத்தகத்தையும் பகடையையும் என்னிடமே கொடுத்துவிட்டு, குனிந்து ஷூ லேஸ் கட்டினார். கட்ட நேரமாயிற்று.

ராணியிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நான். பகடை உருட்ட வேண்டியவளும் நான். அண்ணன் சொன்னது சரி, மாமா சீட்டிங்தான் என்று முடிவு செய்தேன். எல்லோரும் அவரை ரயிலேற்றக் கிளம்பினார்கள். என்னைக் கேட்காமல் என் முறையை ஆடிவிட்டார் என்ற கோபத்தில் நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.